எச்.ஐ.வி.யுடன் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு: சிறு இரத்தக் குழாய்களைக் காக்கச் சில பயனுள்ள குறிப்புகள்

இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல். அதற்கான மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004இன் இறுதியில். அன்று நாற்பது வயதில் முதல் குளிசையை விழுங்கியவர் இன்று அறுபதைக் கடந்திருப்பார். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார், வயல் பார்ப்பார், வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைப்பார். இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கும். வன்னியில் இந்த வெற்றிக்கு மதிப்பு அதிகம். போரும் இடப்பெயர்வும் முகாம் வாழ்க்கையும் கடந்து வந்த உடம்புகள் இவை.

கிருமி அடங்கினாலும் அது மூட்டிவிட்ட அழற்சி முற்றாக அணைவதில்லை. மெல்லிய சூடாக வருடக்கணக்கில் நின்று இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. பழைய மருந்துகள் சில கொழுப்பையும் சீனியையும் கூட்டிவிட்டுப் போயிருக்கும். இவற்றோடு வயது, பிரஷர், புகையிலை எல்லாம் சேரும்போது முதலில் அடிபடுவது மூளை, கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றுக்குப் போகும் மிகச் சிறிய குழாய்கள். பிரான்சில் கிருமி நன்றாக அடங்கியிருந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆன எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூளையின் சிறு குழாய்களில் நோய் தெரிந்தது. எச்.ஐ.வி. இல்லாத, அதே வயதுக்காரர்களில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியது.

இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தாலும் கடைசி வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைசி வயல் காய்ந்துதான் போகும். ஈ.சி.ஜி. சரி, கிருமி இல்லை என்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் அந்தக் கடைசி வாய்க்காலையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அநேகமானவை மாவட்ட வைத்தியசாலையிலும் வீட்டு விறாந்தையிலும் முடிகிற காரியங்கள்.

1. எச்.ஐ.வி. மருத்துவத்தில் முதுமைக் கணக்கு 50இல் தொடங்குகிறது. ஒரு வருத்தமும் தெரியாவிட்டாலும் 50 ஆனதும் வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர், வெறும் வயிற்றில் சீனி, கொழுப்பு, சலத்தில் புரதம், இரத்தத்தில் கிரியற்றினின், கண், பாதம் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். திகதி மறந்துபோகும் என்றால் காலபோக அறுவடை முடிந்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் அந்தக் காலத்தை மறப்பவர் இல்லை.

2. உங்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை கிளினிக். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இவை மாவட்டங்களில் இயங்குகின்றன. மற்றது, ஊர் வைத்தியசாலையோடு நடக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையம். பலரும் எச்.எல்.சி. என்றே சொல்வார்கள். 35 வயதைக் கடந்த எவரும் அங்கே போய் பிரஷர், சீனி, கொழுப்பு, எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். அங்கு நிற அட்டவணை ஒன்றை வைத்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய வாய்ப்பைச் சொல்வார்கள். அந்த அட்டவணை வயது, பிரஷர், புகைத்தல் போன்றவற்றைக் கணக்கில் எடுக்கும், எச்.ஐ.வி.யை எடுக்காது. ஆகவே பச்சைக் கட்டத்தில் விழுந்தாலும் உங்கள் உண்மையான ஆபத்து அதைவிடச் சற்று மேலே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து எச்.ஐ.வி. கிளினிக் டொக்டரிடம் காட்டுங்கள்.

3. சிறு குழாய்களுக்கு முதல் எதிரி பிரஷர். அதைப் பிழையாக அளப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸில் நின்றபடி வந்து, வெயிலில் நடந்து, வரிசையில் தள்ளுப்பட்டு, கதிரையில் இருந்த அடுத்த நிமிடமே கையில் பட்டியைச் சுற்றினால் வரும் இலக்கம் அந்தப் பயணத்தின் இலக்கம்தான். வீட்டில் அளப்பது நல்லது. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புவதென்றாலும் இதைச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். பட்டி கைக்கு அளவாக இருக்க வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டி குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சிறிய பட்டி கூட்டிக் காட்டும்.

அளக்க அரை மணி நேரத்துக்கு முன் தேத்தண்ணீர், வெற்றிலை, பீடி, சுருட்டு எதுவும் கூடாது. சலம் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு அளந்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளவுங்கள். ஏழு நாள், காலையும் மாலையும் இப்படி அளந்து பழைய பயிற்சிக் கொப்பியொன்றில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரி 135/85ஐத் தாண்டினால் கொப்பியோடு டொக்டரிடம் போகலாம். ஒரு தடவையாவது இரண்டு கையிலும் அளந்து, கூடக் காட்டும் கையையே பிறகு எப்போதும் பாவியுங்கள்.

4. இருந்தபடி அளந்ததும் எழுந்து நின்று, மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை அளவுங்கள். மேல் இலக்கம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது தலை சுற்றினால், பிரஷர் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இரவில் எழும்பிக் கொல்லைப் பக்கம் போகும்போது விழுகிற வயதானவர்கள் பலருக்குக் காரணம் இதுதான்.

5. சீனி பார்க்கும்போது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சில எச்.ஐ.வி. மருந்துகள் எடுப்பவர்களிடம் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது நம்பகமானது. 100க்கும் 125க்கும் இடையில் வந்தால் சோற்றின் அளவைக் குறைத்து நடையைக் கூட்ட வேண்டிய காலம். 126இல் இருந்து மேலே இரண்டு தடவை வந்தால் அது சீனி வருத்தம்தான்.

6. கொழுப்புக் குளிசைக்குப் பயப்படாதீர்கள். இந்தியா, தாய்லாந்து உட்படப் 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையான 7,769 எச்.ஐ.வி. உள்ளவர்களை வைத்து நடந்த 'ரிப்ரீவ்' என்ற பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மாரடைப்பு ஆபத்து அதிகம் இல்லை என்று கருதப்பட்டவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். பிற்றாவஸ்ரற்றின் என்ற குளிசை எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய சம்பவங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. கொலஸ்ரரோல் இலக்கம் பயப்படும்படி ஏறியிராதவர்களுக்கும் பயன் கிடைத்தது என்பதுதான் இதில் முக்கியம். ஆகவே "எனக்குக் கொழுப்புச் சரியாகத்தானே இருக்கிறது" என்று அந்தப் பேச்சை முடித்துவிடாமல், "என் வயதுக்கு இந்தக் குளிசை தேவையா?" என்று கேளுங்கள். பிற்றாவஸ்ரற்றின் இல்லாவிட்டால் அற்றோவஸ்ரற்றின், ரொசுவஸ்ரற்றின் போன்றவற்றில் பொருத்தமானதை டொக்டர் தெரிவார். ஒரு எச்சரிக்கை: ரிற்றோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள் சிம்வஸ்ரற்றின் எடுக்கவே கூடாது. தசை கரைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

7. சலப் பரிசோதனைதான் மிக மலிவான, மிகப் பயனுள்ள பரிசோதனை. சிறுநீரகம் முழுக்கச் சிறு குழாய்களால் ஆனது. அவை கசியத் தொடங்கினால் முதல் அடையாளம் சலத்தில் அல்புமின். அந்த நேரத்தில் கால் வீக்கமோ களைப்போ எதுவும் தெரியாது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சலம் நல்லது. காய்ச்சல், சலக்கடுப்பு உள்ள நாளிலும், முதல் நாள் வயலில் கடும் வேலை செய்திருந்தாலும் கொடுக்க வேண்டாம், பொய்யாகக் கூட்டிக் காட்டும். அல்புமினைக் கிரியற்றினினோடு ஒப்பிடும் அளவு 30க்கு மேல் வந்தால் பதறாமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை பாருங்கள். மூன்றில் இரண்டு தடவை கூடியிருந்தால்தான் அது கணக்கு.

வன்னியில் இதைத் தள்ளிப்போட முடியாது. வவுனியா தெற்கு, வெலிஓயாப் பகுதிகள் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய இடங்களோடு சேர்ந்தவை. எச்.ஐ.வி. மருந்துகளில் பரவலாகக் கொடுக்கப்படும் ரெனோபோவிரும் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும். பல வருடம் வயலிலும் கிணற்று நீரிலும் கழித்த ஒருவர் அதே குளிசையும் எடுப்பாரென்றால் சலத்தையும் கிரியற்றினினையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நியாயம். இன்னொன்றும் தெரிந்திருங்கள்: டொலுரெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் கிரியற்றினின் இலக்கம் சிறிது ஏறும். சிறுநீரகம் கெட்டுப்போனதால் அல்ல, அந்த மருந்து கிரியற்றினின் வெளியேறும் வழி ஒன்றை மறிப்பதால். மருந்து மாறிய திகதியை இரத்தப் பரிசோதனைத் தாளில் எழுதி வையுங்கள், பார்க்கிற டொக்டருக்கு உடனே விளங்கும்.

8. நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் பாமசியில் டைக்ளோபெனாக் கேட்டு வாங்கிப் போடும் பழக்கத்தை விடுங்கள். ரெனோபோவிரோடு சேர்ந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் நின்றுபோனவர்கள் உண்டு. நோவுக்கு முதலில் பரசிற்றமோல். நாட்டு மருந்து, கசாயம், லேகியம் எடுப்பதென்றாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பேச்சு விழும் என்று பயந்து மறைத்தால் கிரியற்றினின் ஏன் ஏறியது என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

9. உடம்பைக் கீறாமல் சிறு இரத்தக் குழாய்களை நேரே பார்க்கக்கூடிய இடம் கண்ணின் விழித்திரை. மாவட்ட வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் துளி மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியே போக வேண்டாம், யாரையாவது கூட்டிப் போங்கள். கண்ணாடி எழுதித் தந்தால் போதும் என்று வந்துவிடாமல் "பின்பக்க நரம்பும் குழாயும் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிரஷரும் சீனியும் உள்ளவர்கள் வருடா வருடம் போக வேண்டும்.

10. பாதத்தைப் பார்க்க வீட்டில் ஒரு பிள்ளை போதும். பெரியவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, சுட்டுவிரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஓரிரு செக்கன் மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டவும் கூடாது. தொட்டதும் வலமா இடமா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கிறது. சீனி வருத்தம், எச்.ஐ.வி., முன்பு கொடுத்த ஸ்ராவுடின் போன்ற மருந்துகள் எல்லாமே நரம்பைக் கெடுக்கும். அதன் பிறகு வெறுங்காலோடு வரம்பில் நடப்பதை நிறுத்தி, ஒவ்வொரு இரவும் விரல் இடுக்கையும் குதிக்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். முள் ஏறியது தெரியாமல் சீழ் பிடித்த பிறகு வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்குத்தான் விரலை எடுக்க வேண்டி வருகிறது. கண்ணிவெடியிலோ செல்லிலோ ஒரு காலை இழந்தவர்கள் மிஞ்சிய காலை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பொய்க்கால் உரசும் இடத்தையும் பாருங்கள்.

11. மூளையின் சிறு குழாய் நோய் ஒரே நாளில் விழுத்துவது குறைவு. சிறிது சிறிதாக மனிதரை மெதுவாக்கும். முன்பு கடைக்கணக்கை வாயாலே சொன்னவர் விரல் விட்டு எண்ணுவார். மீன்காரனுக்கு மிச்சக் காசு கொடுக்கத் தடுமாறுவார். காலை நிலத்தோடு இழுத்து நடப்பார். சலம் வந்தால் அடக்க முடியாமல் ஓடுவார். "வயது போச்சுது, அதுதான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

விறாந்தையில் நாலு மீற்றர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி தொலைபேசியில் நேரம் பாருங்கள். ஐந்து செக்கனுக்கு மேல் எடுத்தால் நடை மெதுவாகியிருக்கிறது. பொய்க்கால் போட்டவருக்கும் முழங்கால் வாதம் உள்ளவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவரை அவருடைய போன வருட நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஞாபகத்துக்கு இப்படிச் செய்யலாம். "அம்மா, நாலு சொல் சொல்லுறன், பிறகு கேப்பன்" என்று சொல்லி, குளம், கத்தி, மாம்பழம், பச்சை என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவரும் திருப்பிச் சொல்லட்டும். பிறகு ஒரு கையை மேசையில் வைத்து முதலில் பொத்திப்பிடிக்கவும், அடுத்து உள்ளங்கை கீழே பட விரிக்கவும், பிறகு பக்கவாட்டில் நிறுத்தவும் காட்டிக்கொடுத்து, பத்து செக்கனுக்கு விரைவாகச் செய்யச் சொல்லுங்கள். அது முடிந்ததும் நாலு சொல்லையும் கேளுங்கள். எச்.ஐ.வி. கிளினிக்குகளில் உலகெங்கும் செய்யும் சோதனை ஏறக்குறைய இப்படித்தான். சிறு குழாய் நோயில் ஒரு தனிக் குணம் உண்டு: சொல் வராமல் தவிப்பவர், "தண்ணி தேங்கி நிக்கிற இடம்" என்று ஒரு துப்புக் கொடுத்ததும் "ஓம், குளம்" என்று பிடித்துவிடுவார். துப்புக் கொடுத்தும் வராவிட்டால் வேறு நோயையும் தேட வேண்டும். எப்படி வந்தாலும் வீட்டில் இலக்கம் போட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்டதை எழுதி டொக்டரிடம் கொடுங்கள். ஒருவேளை தைரொயிட், விற்றமின் பி12, மனச்சோர்வு, காது கேளாமை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சையுண்டு.

12. எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டாம். ஒரு குறியும் இல்லாதவருக்கு மூளை ஸ்கேன் செய்யும்படி வழிகாட்டல்கள் சொல்வதில்லை. ஸ்கேனில் சிறு குழாய் நோயின் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் செய்யப்போவது பிரஷரையும் சீனியையும் கொழுப்பையும் கட்டுப்படுத்துவதுதான். அதை ஸ்கேன் இல்லாமலே தொடங்கலாம். பிரஷரை இறுக்கிக் கட்டுப்படுத்தியவர்களின் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் மெதுவாகவே பெருகின என்று 2019இல் வெளியான 'ஸ்பிரின்ற் மைண்ட்' ஆய்வு காட்டியது. அது எச்.ஐ.வி.க்கென்று செய்த ஆய்வு அல்ல, ஆனாலும் பாடம் இங்கேயும் செல்லும். நடை, ஞாபகம், பேச்சு, கைகால் பலம் மாறியவருக்கு ஸ்கேன் தேவை. சி.ரி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் பெரிய பாரிசவாதத்தையும் காட்டும். சிறு குழாய்களின் சேதத்தைத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ.

இங்கே வன்னிக்காரர் மறக்கக் கூடாத ஒன்று. உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் கட்டாயம் சொல்லுங்கள். அது மிகப் பலமான காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். கண், மூளை, பெரிய இரத்தக் குழாய் அருகே இருந்தால் உயிருக்கே ஆபத்து. "அது பழசு, நோவில்லை" என்று 2009இல் பட்ட காயத்தைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே பட்டது, எடுத்தார்களா, உள்ளே விட்டுத் தைத்தார்களா என்பதை ஒரு தாளில் எழுதிப் பழைய வைத்தியசாலை அட்டையோடு கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவையானால் சி.ரி.க்கு மாற்றுவார்கள். முன்பு தலையில் பட்ட காயமும் ஸ்கேனில் தழும்பாகத் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் சிறு குழாய் நோய் என்று பிழையாக வாசிக்க இடமுண்டு.

13. ஒருவர் பேச்சுக் குறைந்து, சிரிப்புக் குறைந்து, விருப்பமான வானொலிப் பாட்டுக்கும் திரும்பாமல் இருந்தால் அதுவும் மூளையின் சிறு குழாய் நோயின் குறியாக இருக்கலாம். இழந்த உறவுகளின் துயரமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உதவி உண்டு. தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

14. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தொடங்கிய நேரத்தைக் கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான் போடலாம். அஸ்பிரின் கொடுக்காதீர்கள், தண்ணீரும் பருக்காதீர்கள், புரையேறும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். அது பின்னால் வரப்போகும் பெரியதற்கு முன்னறிவிப்பு.

15. குளிசைகளுக்குள் சண்டை வராமல் பாருங்கள். டொலுரெக்ராவிர் எடுப்பவர் நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அன்ரசிட்டை அதோடு சேர்க்கக் கூடாது. டொலுரெக்ராவிரை அன்ரசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முந்தி அல்லது ஆறு மணி நேரம் பிந்தி எடுக்க வேண்டும். இரும்பு, கல்சியக் குளிசைகளென்றால் சாப்பாட்டோடு ஒன்றாக எடுக்கலாம், வெறும் வயிற்றில் வேண்டாம். சீனிக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்கு டொலுரெக்ராவிர் அதன் அளவை இரத்தத்தில் கூட்டும். நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டொக்டர் பார்த்துக்கொள்வார், நீங்களும் நினைவூட்டுங்கள்.

16. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நாலும் ஒரே சோற்றுத் தட்டில் வந்தால் கணக்கு மதியத்தோடு முடிந்துவிடும். கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து, கிழமைக்கு ஒரு நாளாகக் குறையுங்கள். புகையிலை சுருட்டாக இருந்தாலும் வெற்றிலைக்குள் வைத்தாலும் குழாயைச் சுருக்கும். எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு புகையிலையை விடாமல் இருப்பவருக்கு இனி அந்தப் புகையிலைதான் கிருமியைவிடப் பெரிய ஆபத்து.

17. பிரஷர், சீனி, கொழுப்பு என்று குளிசை கூடக் கூட, களைத்துப்போய் எச்.ஐ.வி. குளிசையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். மருந்தை இடையிடையே நிறுத்தி நடத்திய 'ஸ்மார்ட்' ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. நிறுத்தியவர்களிடம் இருதய, சிறுநீரக, ஈரல் நோய்களும் மரணமும் கூடின. அதன் பிறகு உலகம் அந்த முயற்சியைக் கைவிட்டது. குளிசை கூடிவிட்டதென்றால், எதைச் சேர்த்து எடுக்கலாம், எதை விடலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள்.

18. இவ்வளவையும் ஊருக்குத் தெரியாமல் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் பிரஷர் பார்க்க எச்.ஐ.வி. இருக்கிறதென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் புதிதாக மருந்து எழுதும் டொக்டருக்கு நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 6, 8, 15இல் சொன்ன ஆபத்துகள் வரும். எச்.ஐ.வி. கிளினிக்கில் கேட்டால் மருந்துப் பட்டியலை எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தருவார்கள். அதை டொக்டரின் கையில் நேரே கொடுங்கள், வரிசையில் கொப்பியோடு வைக்காதீர்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதா, இல்லையா என்று தீர்மானிப்பது அந்தத் தாயும் தந்தையும்தான். சொல்லாமலே பிள்ளைகள் பிரஷர்க் கொப்பியைத் தொலைபேசியில் பார்க்கலாம், பேச்சுக் குழறுகிறதா என்று கவனிக்கலாம்.

ஊர் சிறியது, எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதனால்தான் கிளினிக் வாசலில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும் திரும்பிப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு தடவை திரும்பிப் போகிறவருக்குச் சலப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் இன்னொரு வருடம் பிந்துகிறது. வைத்தியசாலையில் வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமாரிடமும், வரிசையில் பக்கத்தில் இருப்பவர்களிடமும் கேட்பது ஒன்றுதான்: அங்கே யாரைக் கண்டாலும் அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.